‘நானுங்க’ன்னு சொன்னவ

போட்டோ எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துக்குங்க அம்மிணி. அவ வர்றதுக்குள்ள முடிச்சுடோணும். ரேசன் கடைக்குப் போயிருக்கா. பாமாயில் வந்திருக்குதுன்னு சொன்னாங்க, அப்ப வரிசை ரோட்டு வரைக்கும் நிக்கும். ஆனாலும் அவளை நம்ப முடியாது. முன்னால நிக்கறவகிட்டப் பேச்சுக் குடுத்துக் குடுத்தே நடுவுல பூந்துருவா. பவானியில பாதிப் பேரு அவளுக்கு அக்கா, மீதிப் பேரு தங்கச்சி.

தறியில உக்காந்த மாதிரியா வேணும்? சித்தெ இருங்க, சேலையைச் சரி பண்ணிக்கறேன். நீங்க வர்றது முன்னமே தெரிஞ்சிருந்தா அந்தப் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டியிருப்பேன். சரி உடுங்க, வேலை செய்யறவ வேலை செய்யற சேலையிலதான் இருப்பா. இந்தா, குழிக்குள்ள காலைத் தொங்கப் போட்டுட்டேன். நீங்க பாத்து வாங்க, அந்த ஓரத்துல மண்ணு சரியும்.

பேரு மரகதம். எழுதிக்குங்க. ஜமக்காளத்துல கட்டி உடற உங்க கம்பெனி டேக்குல ஒரு பேருக்கும் ஒரு மொகத்துக்கும்தான் எடம் இருக்குதுன்னு நீங்க போன்ல சொன்னப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். நான் இந்த ஊட்டுக்கு மூத்த மருமக. கல்யாணமாகி வந்ததும் இந்தக் குழியில காலை உட்டவ. என்ற பேரைப் போடாம வேற யாரு பேரைப் போடுவீங்க?

பக்கத்துல உக்கார்றவங்க பேரா? எதுக்குங்க அது?

சம்பூரணம். என்ற ஊட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. அடுத்த ஊடுதான். தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல, அதோட நிறுத்திக்குங்க. எழுத வேண்டாம்.

கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கோவம்னா சண்டை போடோணும், சத்தம் போடோணும். நாங்க பேசறதே இல்லை. போன வருசம் ஆடியில நிறுத்துனது. இந்த வருசம் ஆடியும் வந்துட்டுப் போயிருச்சு. நான் பேசலை. ஒரு வார்த்தை பேசலை. என்ற வைராக்கியம் அப்படி.

சிரிக்கறீங்க. பேசாம எப்படி ஒரே தறியிலன்னுதான கேக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. தறிக்கு எதுக்குங்க பேச்சு? அகல ஜமக்காளம் ஒருத்தரால நெய்ய ஆகாது, கை எட்டாது. அதனால இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. நான் நூலு சுத்துன நாடாவைத் தள்ளி உடுவேன், அவ வாங்குவா. ரெண்டு பேரும் சேந்து, நூலு நெருங்கி உக்கார்ற மாதிரி பலகையை இழுத்து அடிப்போம். அப்பறம் அவ தள்ளி உடுவா, நான் வாங்குவேன். மறுபடி அடிப்போம். அவ்வளவுதான். இதுல எங்கீங்க பேச்சு வருது? ஒரு நூலு என்ற கையில கெளம்பி அவ கையில போய் நிக்கும். அடுத்த வரி அவ கையில கெளம்பி என்ற கையில வந்து நிக்கும். இந்த ஜமக்காளத்துல எங்க வேணா கையை வெச்சுப் பாருங்க, எங்க ரெண்டு பேரு கையும் படாத வரி ஒண்ணு கூட இருக்காது.

அதனாலதாங்க எனக்கு வயிறெரியுது. கேளுங்க, சொல்றேன். நீங்களே நாயம் சொல்லுங்க.

போன வருசம் கோயமுத்தூர்ல ஒரு கைத்தறிக் கண்காட்சி. எங்க தறியில நெஞ்ச ஜமக்காளத்தை எடுத்துட்டுப் போலாம்னு பேச்சாச்சு. சேப்புப் பட்டை, நீலப் பட்டை, நடுவுல வெள்ளை, கரையில வெறும் கறுப்பு. நான்தான் அந்தக் கறுப்பு வேணும்னு சொன்னேன். அவ பச்சை வெக்கலாம்னா. பச்சை வெச்சா பள்ளிக்கூடப் பாய் மாதிரி இருக்கும்னு நான் அடிச்சுச் சொன்னேன். பாத்தவங்க எல்லாரும் அந்தக் கரையைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்கன்னு அப்பறம் கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன். பாக்கக் குடுத்து வெக்கலை.

ஏன்னா கெளம்பறதுக்கு முந்தின நாள் எனக்கு அம்மை வாத்துருச்சு. மொகம், கை, எல்லாம் முத்து. வாசல்ல வேப்பந்தழையைச் சொருகிட்டுப் படுத்தாச்சு. வெளியே போகக்கூடாது, யாரும் உள்ள வரக்கூடாது. அவ மட்டும் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கிட்டுப் பஸ் ஏறிட்டா. போகட்டும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆராவது ஒருத்தர் போகோணும்.

அங்க பேப்பர்க்காரர் ஒருத்தர் வந்து கேட்டிருக்காரு, “யாரம்மா நெஞ்சது?”ன்னு.

இவ என்ன சொல்லோணும்? நீங்க சொல்லுங்க. “நானும் எங்கக்காவும்”னு சொல்லோணுமா இல்லையா? “நாங்க”ன்னாவது சொல்லோணுமா இல்லையா? இவ சொன்னா பாருங்க, “நானுங்க”ன்னு!

நானுங்க. அப்படி ஒரு வார்த்தை. அடுத்த நாள் பேப்பர்ல வந்துருச்சு. போட்டோவுல இவ பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சுக்கிட்டு ஜமக்காளத்தைப் புடிச்சுட்டு நிக்கறா. கீழே எழுதியிருக்குது, ‘தான் நெய்த ஜமக்காளத்துடன் பவானி நெசவாளி சம்பூரணம்’னு. தான் நெய்த! நான் வேப்பந்தழை மேல படுத்துக்கிட்டு அதைப் படிக்கறேன். ஒடம்பெல்லாம் அரிக்குது, சொறியக் கூடாது. அம்மை அரிப்புக் கூட அடங்கிருச்சு அம்மிணி, இது இன்னும் அடங்கலை.

எனக்குத் தண்ணி ஊத்துன அன்னைக்கு இளநியோட வந்தா. வாசல்லயே நின்னுக்கிட்டு, “அக்கா, நம்ம ஜமக்காளம் பேப்பர்ல வந்திருக்குது, பாத்தீங்களா?”ன்னு கேக்கறா. என்ன தெகிரியம் பாருங்க.

“நானுங்கன்னு சொன்னயா இல்லையா?”ன்னு கேட்டேன்.

“கேட்டாரு, சொன்னேன். நீங்க அங்க இல்லியேக்கா. எங்கக்காவும் சேந்துதான்னு சொல்றதுக்கு வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள அந்த ஆளு அடுத்த கடைக்குப் போயிட்டாரு.”

“‘எங்கக்கா’ங்கற சொல்லு வர்றதுக்குள்ள போயிட்டாரு. ‘நானுங்க’ மட்டும் எப்படி முந்திக்கிட்டு வந்துச்சு?”

“இனி உங்கூட எனக்குப் பேச்சில்லை”ன்னு சொல்லிட்டேன். இளநியை வாசப்படியிலயே வெச்சுட்டுப் போயிட்டா. நான் தொடலை. ரொம்ப நேரம் தொடலை. அப்பறம் குடிச்சேன், ஒடம்பு சூட்டுக்கு. சீவி வெச்ச இளநியை வேற என்னங்க பண்றது?

போட்டோ எடுத்துட்டீங்களா? காட்டுங்க. அய்யோ, கண்ணை மூடியிருக்கேன். இன்னொண்ணு எடுங்க.

ஆனா ஒண்ணு, நான் நல்லா மாட்டிக்கிட்டேன். என்னென்னா, அப்பத்தான் உங்க கம்பெனியில இருந்து மொத ஜமக்காளத்துக்குச் சொல்லியிருந்தாங்க. செடிச் சாயம் போட்ட நூலு, நீங்களே அனுப்புனது. மாதுளைத் தோலு மஞ்சள், அவுரி நீலம். பாவு, அதான் நீளவாட்டு நூலு, தறியில ஏத்தியாச்சு. அவளோட பேச்சு நின்னு போச்சு. தறியில பாவு நிக்குது, பக்கத்துல உக்கார ஆள் இல்லை.

சரின்னு என்ற ஊட்டுக்காரரை உக்கார வெச்சேன். அந்தக் காலத்துல நல்லா நெஞ்ச மனுசந்தான். இப்ப இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது. நான் அடிச்சு முடிச்ச பின்னாடி அவர் அடிப்பாரு. கோயில்ல பஜனை பாடறப்ப ஒருத்தர் மட்டும் கடைசியில தனியாப் பாடுவாரே, அந்த மாதிரி. துணி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கிப் போச்சு. பிரிச்சேன். அப்பறம் பக்கத்துத் தெருவுல இருந்து ஒருத்தியைக் கூப்புட்டேன். அவ செல்லைத் தொடையில வெச்சுக்கிட்டு உக்காந்தா. நாடா போய் நிக்குது, அவ செல்லைப் பாத்துச் சிரிச்சுட்டிருக்கா. அதையும் பிரிச்சேன். நெய்யறதை உட பிரிக்கறதுதான் நெறையா.

ஒரு நாள் காலையில நான் தனியா உக்காந்து பிரிச்சுக்கிட்டிருக்கேன். சம்பூரணம் வந்தா. முந்தானையை இடுப்புல சொருகுனா, அவ பக்கம் குழியில எறங்கி உக்காந்தா, கையை நீட்டுனா. நாடாவுக்கு.

நான் குடுக்கறதா இல்லை. சத்தியமாக் குடுக்கறதா இல்லை. ஆனா அந்தக் கை அங்கயே நிக்குதுங்க. நீட்டுன கை நீட்டுனபடி. எத்தனை நேரந்தான் பாக்கறது? தள்ளி உட்டேன் பாருங்க ஒரு தள்ளு, நாடா போய் அவ உள்ளங்கையில சடார்னு அடிச்சுது. நான் பலகையை இழுத்து ஓங்கி அடிச்சேன். ‘நானுங்க’ன்னு சொன்னதுக்கு ஒரு அடி. அவளும் சளைக்கலை. நான் அடிச்ச அளவுக்கு அவளும் அடிச்சாத்தான வரி நேரா நிக்கும்? அடிச்சா. நான் இன்னும் ஓங்கி அடிச்சேன். அவளும் ஓங்கி அடிச்சா. தெருவுல போறவங்க எட்டிப் பாத்துட்டுப் போனாங்க, என்னமோ ஊட்டை இடிக்கறாங்கன்னு. அந்த ஜமக்காளம் முழுசும் அப்படித்தான் நெஞ்சோம். வரி நெருங்கி நெருங்கி உழுந்து நூலு எச்சாப் புடிச்சுது. சாயங்காலம் எந்திரிச்சா தோளைத் தூக்க முடியாது. ஆனா ரெண்டு பேருல யாரும் மொதல்ல கொறைக்கலை. நான் எதுக்குக் கொறைக்கோணும்?

அந்த ஜமக்காளத்தைத்தான் நீங்க வந்து பாத்தீங்க. ஞாபகம் இருக்குதா? கையில புடிச்சுப் பாத்துட்டு, “பலகை மாதிரி நிக்குதே, தண்ணி ஊத்துனாக் கூட எறங்காது போல இருக்குதே”ன்னீங்க. “இந்தக் கைதான் எங்களுக்கு வேணும்”னீங்க. சாம்பிளுன்னு கொண்டு போயிட்டீங்க. எனக்கு ஒரே பெருமை. அதுல இருக்கறது முழுசும் என்ற ஆத்தரம்னு நீங்க கண்டீங்களா? அவளும் ஒண்ணும் சொல்லலை. பேசத்தான் மாட்டோமே.

என்னங்க? என்னமோ முணுமுணுக்கறீங்க. சொல்லுங்க, வாய் விட்டுச் சொல்லுங்க. போட்டோவுக்காக மட்டும் இவ்வளவு தூரம் வரலைன்னு நீங்க வந்தப்பவே எனக்குத் தெரியும். அந்தப் பையை இன்னும் தொறக்காம மடியிலயே வெச்சுட்டிருக்கீங்களே.

இதுவா? இது நாங்க போன மாசம் அனுப்புனதுல ஒண்ணு. இதுக்கு என்ன?

மெத்துன்னு இருக்குதா? சாம்பிளு மாதிரி நிக்கலையா? மடிச்சா மடியுதா? ஜமக்காளம்னா மடியத்தான செய்யும் அம்மிணி.

நூலை மாத்தலை. நூலு நீங்க அனுப்புனதுதான், நான் எங்க போய் மாத்தறது? எண்ணிப் பாத்தாக் கூட வரி கொறைஞ்சுருக்குதா? சரி, கொறைஞ்சுதான் இருக்கும். அது வந்து… அவ கை தளந்து போச்சுங்க. ஆமா. சம்பூரணம் கை. நான் ஒண்ணும் பண்ணலை. என்ற கை அப்படியேதான் இருக்குது. அவ பக்கம் அடி உழுகறதில்லை. இந்த வருசம் புரட்டாசியில தண்ணிக் கொடத்தோட வாசல்ல வழுக்கி உழுந்தா. மணிக்கட்டு வீங்கிப் போச்சு. கட்டுப் போட்டு அவுத்தாச்சு. ஆனா பழைய பலம் வரலை. அதான் கேட்டீங்கல்ல, அதான் காரணம். எழுதிக்குங்க.

என்ன யோசிக்கறீங்க? காப்பி ஆறுது, குடிங்க.

வேற ஆளா?

பலமான கையா ஒருத்தியைப் பாத்து உக்கார வெச்சுக்கறதா. அப்பத்தான் சாம்பிளு மாதிரி வரும். டேக்குல என்ற பேரு மட்டும். எல்லாத்துலயும் மரகதம், மரகதம்னு. எல்லா ஊர்லயும்.

ம்.

நல்லாத்தான் இருக்குது கேக்கறதுக்கு. நான் என்ன கேட்டனோ அதையேதான் சொல்றீங்க. அவ கை தளந்துருச்சுன்னு இப்பத்தான் நானே என்ற வாயால சொன்னேன்.

இருங்க. சித்தெ இருங்க. நான் சொன்னதுல ஒண்ணு உட்டுப் போச்சு.

அவ உழுந்த அன்னைக்கு மறுநாள் தறிக்கு வந்தா. வர வேண்டாம்னு யாரும் சொல்லலை, சொல்றதுக்கு நான்தான் பேசறதில்லையே. எப்பவும் வலது கையில நாடாவை வாங்கறவ அன்னைக்கு எடது கையை நீட்டுனா. வலது கையை முந்தானைக்குள்ள வெச்சிருக்கா. எனக்குத் தெரியக் கூடாதாம். தறியில பக்கத்துல உக்கார்றவளுக்குத் தெரியாம ஒரு கையை ஒளிக்க முடியுமாங்க? நான் பாக்காத மாதிரியே பலகையை இழுத்தேன். அவ பக்கம் வரலை. வரி கோணிப் போச்சு. பிரிச்சோம். மறுபடி அடிச்சேன். மறுபடி கோணுச்சு. அவ பல்லைக் கடிச்சுட்டு இழுக்கறா, கண்ணுல தண்ணி நிக்குது. ஆனா “முடியலைக்கா”ன்னு ஒரு வார்த்தை வருதா? வராது. ரோசக்காரி.

அப்பறம் நான் கொஞ்சம் மெதுவா இழுத்தேன். நேரா வந்துச்சு.

அவளுக்காக இல்லீங்க. துணிக்காக. கோணல் ஜமக்காளத்தை நீங்க வாங்குவீங்களா? அவ பக்கம் எவ்வளவு வருமோ அவ்வளவுக்கு என்ற பக்கமும் அடிச்சாத்தான வரி நேரா ஓடும். கணக்கு அவ்வளவுதான். அவ திரும்பி என்னையப் பாத்தா. நான் துணியைப் பாத்தேன்.

அதுக்கப்பறமும் அப்படித்தான் போகுது. இப்ப ரெண்டு கையும் ஒரே அளவுல வருது. எண்ணெய்ப் பாட்டல் ஒண்ணு அவ பக்கம் இருக்குது பாருங்க, அது மூட்டு வலிக்கு நான் வாங்குனது. எனக்கு மூட்டு வலி இல்லீங்க. வந்தா ஆகும்னு வாங்குனேன். இந்தப் பக்கம் வெச்சா பூனை தட்டி உடுதுன்னு அந்தப் பக்கம் தள்ளி வெச்சேன். அவ எடுத்துப் போட்டுக்கிட்டா நான் என்ன பண்ண முடியும்? கேக்கவா முடியும்?

வேற ஆளு வேண்டாம் அம்மிணி.

வேண்டாம்னா வேண்டாந்தான். பலமான கை இந்த ஊர்ல எத்தனையோ இருக்குது. பலம் இருந்து என்ன? நான் எப்பத் தள்ளி உடுவேன், எப்ப நிறுத்துவேன்னு தெரியோணுமே. எனக்குத் தும்மல் வர்றதுக்கு முன்னாலயே பலகையை விட்டுருவா. காலு மரத்துப் போனா நான் சொல்றதுக்குள்ள அவ மிதியை நிறுத்தியிருப்பா. ஒரு தடவை கனகாம்பரம் வெச்சுக்கிட்டு வந்திருந்தா, அதைப் பாத்துட்டு நான் நாடாவைத் தள்ளி உட மறந்துட்டேன். உடனே பூவைப் பிச்சு என்ற பக்கம் பாதி வெச்சா. பேசலை, வெச்சா அவ்வளவுதான். நான் உடனே வெச்சுக்கலை. பூவை வீணாக்கக் கூடாதுன்னு அப்பறம் வெச்சுக்கிட்டேன். இதையெல்லாம் புதுசா வர்றவளுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது? எனக்கு அந்தப் பொறுமை கெடையாது.

திருப்பி அனுப்புவாங்களா உங்க மேலாளு? அனுப்பட்டும். அத்தனையும் அனுப்பட்டும். எங்க ஊட்டுல விரிச்சுப் படுத்துக்கறோம். இத்தனை நாளும் நெஞ்சு நெஞ்சு வித்தோமே ஒழிய, ஒரு நல்ல ஜமக்காளத்துல நாங்க உக்காந்ததே இல்லை. மெத்துன்னு இருக்குது, நல்லாத் தூக்கம் வரும்.

நீங்களும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்த டேக்கைக் கொண்டாங்க, படிக்கறேன். எனக்குக் கண்ணாடி இல்லாமயே தெரியும். ‘மண்ணுக்குக் கேடில்லாத செடிச் சாயம். முழுக்கக் கையால் நெய்தது. இதில் காணும் சிறு வேறுபாடுகள் கைவேலையின் அழகு.’ இது நீங்க அச்சடிச்சதுதான? யாரு எழுதுனது? நீங்களா? நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வேறுபாடு இருந்தா அழகுன்னு எழுதிட்டு, சாம்பிளு மாதிரி இல்லைன்னு எடுத்துட்டு வர்றீங்களே அம்மிணி. இதுதான் வேறுபாடு. இந்தா, கையை வெச்சுப் பாருங்க. போன வருசம் நெஞ்சதுல ஆத்தரம் இருக்குது. இதுல இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆத்தரம் இல்லைன்னா சமாதானம் ஆயிட்டோம்னு அர்த்தம் இல்லீங்க. அதை எழுதிடாதீங்க. நான் பேசறதில்லை.

சாம்பிளு மாதிரிதான் வேணும்னா அவ என்னைய மறுபடி ஏதாவது பண்ணோணும். பேப்பர்ல தனியாப் போட்டோ போட்டுக்கோணும். இப்ப அவளுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் இங்கயேதான் கெடக்கறா.

சிரிக்காதீங்க. நான் நெசமாத்தான் சொல்றேன்.

டேக்குல பேரு? ஆமாமா, அதைச் சொல்லிருவோம். அந்த மரகதத்தை அடிச்சுருங்க. இல்லை இல்லை, முழுசா அடிக்காதீங்க. மரகதம், சம்பூரணம். ரெண்டையும் எழுதுங்க. என்ற பேரு மொதல்ல வரோணும், நான் மூத்தவ. அதுல மாத்தமே கெடையாது. எடம் பத்தலைன்னா எழுத்தைச் சின்னதாக்குங்க. அந்த மண்ணு, கேடுன்னு நெறையா எழுதியிருக்கீங்களே, அதுல ஒரு வரியைக் கொறைச்சுக்குங்க. மண்ணு ஒண்ணும் கோவிச்சுக்காது. முடியாதுன்னா ரெண்டு பேரும் வேண்டாம். வெறும் ‘பவானி’ன்னு போட்டுருங்க. ஆனா ஒருத்தி பேரை மட்டும் போட்டீங்க, அன்னைக்கே பாவு நூலை அறுத்துப் போட்டுருவேன். என்ற பேரா இருந்தாலும் சரி.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவ ‘நானுங்க’ன்னு சொன்னதும் நான் இப்ப சொன்னதும் ஒண்ணான்னுதான நெனைக்கறீங்க? அது வேற, இது வேற. அவ என்னைய விட்டுட்டுச் சொன்னா. நான் அவ ரேசன் கடைக்குப் போனப்ப… அது வேறதாங்க. அதையெல்லாம் கெளறாதீங்க.

போட்டோவை நீங்க அழிச்சுருங்க. கண்ணை மூடியிருக்கறதை மட்டும் இல்லை, எல்லாத்தையும். அவ வந்த பின்னால எடுத்துக்கலாம். ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துல உக்காந்தாத்தான் தறி தறி மாதிரி தெரியும். தனியா உக்காந்தா பல்லுப் போன வாய் மாதிரி ஒரு பக்கம் காலியாத் தெரியுது.

உங்க மேலாளுகிட்ட என்ன சொல்றதுன்னு கவலைப்படாதீங்க. போன் போட்டுக் குடுங்க, நான் பேசறேன். பயமெல்லாம் எனக்கு இல்லை. மெத்துன்னு ஒண்ணு, கெட்டியா ஒண்ணு, ரெண்டு தினுசுன்னு சொல்லி வித்துக்குங்கன்னு சொல்றேன். கெட்டி தினுசு எப்ப வரும்னு கேட்டா, அது எங்க கையில இல்லைன்னு சொல்றேன். வாங்கறவங்க வாங்கட்டும், மத்தவங்க போகட்டும்.

செருப்புச் சத்தம் கேக்குதா? அவதான். தெருமுக்குல வர்றப்பவே தெரியும், ஒரு செருப்பு இழுக்கும். பாமாயில் வாங்கிட்டா போல இருக்குது, சந்தோசமா வர்றா. அந்த நடையைப் பாருங்க.

அம்மிணி, இங்க வாங்க. சத்தமாப் பேசாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ கை தளந்துருச்சுன்னு நான் சொன்னதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. துணி மெத்துன்னு இருக்குதேன்னு பேச்சு வந்தா, மரகதம் கைதான் தளந்துருச்சு, அவ வயசானவ, அவளால முடியலைன்னு சொல்லிருங்க. அவ நம்பாட்டியும் பரவாயில்லை, சொல்லிருங்க. அதுல பொய்யும் ஒண்ணும் இல்லை. மொதல்ல மெதுவா அடிச்சவ நான்தான்.

ஏன் மெதுவா அடிச்சீங்கன்னு அவ கேட்டா என்ன சொல்றதா?

கேக்க மாட்டா அம்மிணி. நாங்கதான் பேசறதே இல்லையே.